உட்காவலும் வெந்தீயும்

ஆனைக்குட்டம் முதலாகச் சிவகாசி ஈறாக உள்ள எம் பக்கத்துச் சிற்றூர்களில் 'மருந்து' என்னும் சொல் இருபொருள் பட வழங்குகின்றது. 'மருந்து வாங்கப் போனான்' என்றால் அவன் வைத்தியரிடம் சென்றான் என்பது பொருள். 'மருந்து செலுத்தப் போனான்' என்றாலோ, அவன் பட்டாசுச் சாலைக்குச் சென்று காகிதக் குழாய்களில் வெடிப்பொடி அடைக்கின்றான் என்பது பொருள். நோய் தீர்ப்பதும் மருந்து. வெடித்துச் சிதறுவதும் மருந்து. ஒரு சொல்லிற்குள் காப்பும் அழிவும் அடுத்தடுத்து உறைதலை இலக்கண மாணவன் வியந்து நோக்குதல் இயல்பே. ஆயினும் இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் மட்டும் அடங்கி நிற்கவில்லை. நம் ஒவ்வொருவர் உடலினுள்ளும் அவை ஒருங்கே உறைகின்றன என்பதை அண்மைக்கால அறிவியல் நமக்கு உணர்த்துகின்றது. அதனை எடுத்துரைத்து, அதனால் நாம் மேற்கொள்ள வேண்டிய கடமை யாது என்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு உடற்கூற்று நூலில் என்ன வேலை என்று வினவுவார் உளராகலாம். அந்நூலின் பயன் யாருக்கு மிகுதியும் வேண்டப்படுகின்றதோ, அவர்கள் அறிந்த மொழி தமிழ் ஒன்றே என்பது என் விடை. மருந்தறையில் வேலை செய்யும் பெண்ணுக்கும், அவளை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் அண்டை வீட்டானுக்கும் ஆங்கில நூல் பயன்படாது. ஆதலின் இவ்வுண்மைகளைத் தமிழாக்கி வழங்குதல் எம்மனோர்க்கு உரிய தொழிலேயாம்.

உடலிற் காவல் இருவகைப்படும். ஒன்று, கற்ற காவல். ஒரு பகைவனை ஒருமுறை கண்டு, அவன் அடையாளத்தை நினைவில் வைத்திருந்து, மறுமுறை வரின் விரைந்து வெல்லுவது. அம்மை குத்துதலின் பயன் பெரும்பாலும் இதனைச் சார்ந்தது. மற்றொன்று, உடன்பிறந்த காவல்; இது யாரிடமும் பாடங் கேளாமல், பிறந்த நாள் தொட்டே வாயிலில் நிற்பது. தோலும், சளியும், கண்ணீரும், இரைப்பையின் அமிலமும் இதன் மதில்கள். குருதியில் ஓடும் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களும், உறுப்புக்களிற் குடியிருக்கும் பெருவிழுங்கி என்னும் அணுக்களும் இதன் படைஞர். நியூட்ரோபில்களை நம் எலும்பு மச்சை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி அளவில் ஈனுகின்றது. அவற்றின் வாழ்நாளோ மிகச் சிறிது. கற்ற காவல் படை திரட்டிப் புறப்படுவதற்குச் சில நாட்கள் ஆகும். உடன்பிறந்த காவலோ சில நிமிடங்களில் களத்தில் நிற்கும்.

இப்படையை முதன்முதல் கண்ணாரக் கண்டவர் இலியா மெச்னிக்காவ் என்னும் உருசிய அறிஞர். 1882 ஆம் ஆண்டு, சிசிலித் தீவின் மெசினா நகரில், கண்ணாடி போன்ற உடலையுடைய உடுமீன் குஞ்சொன்றில் அவர் சிறு முள்ளைச் செருகி வைத்தார். மறுநாட் காலையில் நோக்கியபோது, அம்முள்ளைச் சூழ்ந்து நடமாடும் அணுக்கள் திரண்டு நின்றன. அந்நியப் பொருளை வளைத்து விழுங்கும் அணுக்கள் உயிர்களிடத்து உண்டு என்னும் கொள்கை அவ்வழியே பிறந்தது. 1908 ஆம் ஆண்டு அவர்க்கும் பால் எர்லிக் என்பார்க்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

எனினும், அதன்பின் நெடுங்காலம் அறிஞர் உலகம் கற்ற காவலையே பெரிதும் போற்றிற்று. உடன்பிறந்த காவலை எதிர்ப்பட்டதை யெல்லாம் கண்மூடி விழுங்கும் முரட்டு ஏவலாளாகவே கருதினர். 1989 ஆம் ஆண்டு சார்லசு சேன்வே என்பார், அது கண்மூடியன்று என்றும், நுண்ணுயிர்களுக்குப் பொதுவாய் உள்ள சில வடிவங்களை இனங்காணும் உறுப்புக்கள் அவ்வணுக்களில் இருத்தல் வேண்டும் என்றும் கூறினார். 1996 இல் சூல்சு ஆப்மான் குழுவினர், 'டோல்' என்னும் மரபணு பழுதுற்ற பழ ஈக்கள் பூஞ்சைக்கு இரையாதலைக் கண்டனர். 1998 இல் புரூசு பாய்ட்லர் குழுவினர், அதனையொத்த உறுப்பொன்றே எலிகளில் நுண்ணுயிர் நஞ்சை உணர்ந்து எச்சரிக்கை எழுப்புகின்றது என்று காட்டினர். இவ்விருவரும் 2011 ஆம் ஆண்டின் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். ஓர் ஈயின் உடலிலும் மனிதன் உடலிலும் ஒரே வகையான வாயிற்காவலர் நிற்கின்றனர் என்பது எத்துணை வியப்பிற்குரியது!

இனி, எம் நிலத்திற்கு மிக அணித்தான செய்திக்கு வருவோம். தீயினால் வெந்த ஒருவனை நோக்குக. தீ நுண்ணுயிரன்று, நெருப்பிற்குப் பிணி பரப்பும் வித்து இல்லை. பின் ஏன் அவன் உடல் முழுதும் வீங்குகின்றது? பின் ஏன் காய்ச்சல் எழுகின்றது? காயம் படாத நுரையீரலும் சிறுநீரகமும் ஏன் தளர்கின்றன? காவலுக்குப் பகைவன் தான் காரணம் என்று கொண்டால் இவற்றுக்கு விடை கிடைத்தல் அரிது. 1994 இல் பாலி மாட்சிங்கர் என்னும் பெண்மணி, உடற்காவல் 'அந்நியன் யார்?' என்று மட்டும் கேட்பதில்லை, 'ஊறு எங்கே?' என்றும் கேட்கின்றது என்று வாதித்தார். சிதைந்த அணுக்களினின்று வெளிப்படும் பொருள்களே அபாயமணியாகி அக்காவலைத் தூண்டும் என்பது அவர் கருத்து.

2010 ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அழகியதொரு சான்று தந்தது. நம் அணுக்களுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்கள், பண்டைநாளில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாக்களின் வழிவந்தவை என்பது அறிஞர் துணிபு. அவை அணுவின் உள்ளே இருக்கும்வரை நம் குடிகள். பேரூற்றால் அணுக்கள் சிதையும்போது அவற்றின் துணுக்குகள் குருதியிற் கலக்கின்றன. அவற்றிற் பழைய பாக்டீரியாச் சாயல் இன்னும் நீங்காமையால், காவலணுக்கள் அவற்றைப் படையெடுத்து வந்த பகைவர் என்று கருதிப் போர் தொடுக்கின்றன. வீட்டு மக்களையே கள்வரெனக் கொண்டு காவலன் வாளோங்குவதை ஒக்கும் இது.

உடற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் வெந்தவனிடத்து இப்போர் காயத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. நுண்குழாய்கள் எங்கணும் கசிகின்றன. குருதியின் நீர்ப்பகுதி தசைகளுக்குள் இறங்குகின்றது. ஆதலாலேயே முதல் நாளில் அவனுக்கு மிகுதியான நீர்மருந்து நரம்பு வழியே ஏற்றப்படுகின்றது. ஒருபுறம் காவல் கட்டுக் கடந்து எரிகின்றது. மறுபுறம் தோலாகிய மதில் இடிந்து கிடப்பதால் கிருமிகள் புகுகின்றன. சின்னாள் கழித்துக் காவற்படை களைத்து ஓய்கின்றது. வெடிவிபத்தில் அன்றே மாளாதவர் பலர் மூன்றாம் நாளிலும், பத்தாம் நாளிலும், இருபதாம் நாளிலும் மாள்வதன் காரணம் இதுவேயாகும். 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பெருவிபத்தில் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய நாள்களில் நாடே திரும்பிப் பார்க்கின்றது. தீ அணைந்ததும் நாடு தன் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றது. வெந்தவன் உடலிலோ அப்போதுதான் இரண்டாம் தீ மூள்கின்றது.

இவ்வுண்மையினின்று யான் பெறும் முதற் கருத்து இது: எதிர்ப்பாற்றல் மிகுந்தோறும் நன்று என்னும் எண்ணம் பிழைபட்டது. 2020 ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று விளம்பரம் பூண்ட சூரணங்களும் பானகங்களும் பலகாரங்களுங்கூடக் கடைதோறும் மலிந்தன. அன்றாடக் கூலியில் ஒரு பகுதியை அவற்றுக்கு ஈந்த குடும்பங்கள் எம் பக்கத்திற் பல. அதே ஆண்டு சூன் திங்களில் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்று கூறியது யாது? டெக்சாமெதசோன் என்னும் பழைய மருந்து, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளரிடையே சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிராணவாயு மட்டும் பெற்றவரிடையே ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. அம்மருந்தின் தொழில், எதிர்ப்பைப் பெருக்குதலன்று, அடக்குதல்! உலகம் பெருக்கும் பொருளைத் தேடி ஓடியபோது, உயிர் காத்தது அடக்கும் பொருள். பிராணவாயு வேண்டாத எளிய நோயாளர்க்கு அதே மருந்தினால் நன்மை விளையவில்லை என்பதும் உடன் நினைக்கத் தக்கது.

அற்றேல் காவலை அடக்குதலே எஞ்ஞான்றும் நன்றோ எனின், அதுவும் அன்று. குருதி நஞ்சேறிய நோயாளரிடத்து, மேலே கூறிய டோல் வகை உறுப்பைத் தடுக்கும் எரிடோரன் என்னும் மருந்து சோதிக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு, அது சாவைக் குறைக்கவில்லை என்பதே. காவலன் வெறிகொண்டான் என்று அவனை முற்றக் கட்டிவிட்டால், வாயில் திறந்து கிடக்குமன்றோ? நெருப்பை ஊதுவதும் பயனில்லை. அடுப்பையே இடிப்பதும் பயனில்லை. காலமும் அளவும் அறிதலே மருத்துவம். மிகுதி, குறைவு என்னும் இரண்டையும் நோய்க்கு ஏதுவாக்கி மருந்து என்னும் அதிகாரத்தைத் தொடங்கிய வள்ளுவர்க்கு இம்முடிபு புதுமையாகத் தோன்றியிராது. எனினும், தமிழர் எல்லாம் முன்னரே அறிந்தனர் என்று கூறித் தோள் தட்டுதல் என் கருத்தன்று. அளவு வேண்டும் என்பதைப் புலவர் கூறலாம். அவ்வளவு யாது என்பதைச் சோதனையே கூறவல்லது.

சோதனையின் அருமைக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. காசநோய்க்கு இடும் பி.சி.ஜி. ஊசியின் பயனை அறிய, 1968 இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களிடையே பேராராய்ச்சி ஒன்று தொடங்கப்பட்டது. பதினைந்தாண்டுத் தொடர்ச்சியின் இறுதியிற் கிடைத்த முடிவு, வளர்ந்தோரின் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்பது. குழவிகளைக் கொடிய மூளைக்காசம் முதலியவற்றினின்று காப்பதால், அவர்கட்கு அஃது இன்றும் இடப்படுகின்றது. பின்னர் 2011 ஆம் ஆண்டளவில், அதே ஊசி உடன்பிறந்த காவலையே பழக்கிப் பிற நோய்களையும் எதிர்க்கச் செய்யலாம் என்னும் புதுக்கொள்கை எழுந்தது. கொரோனாக் காலத்திற் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தார் முதியோர்க்கு அவ்வூசியிட்டு அவர்தம் குருதியை ஆராய்ந்தனர். காவலணுக்களிற் சில மாறுதல்கள் தோன்றவே செய்தன. ஆயினும், பல நாட்டு மருத்துவமனைப் பணியாளரிடையே நடந்து 2023 இல் வெளியான சோதனையில், கொரோனா வருதலை அவ்வூசி குறைக்கவில்லை. குருதியில் மாறுதல் தோன்றுதல் ஒன்று. நோயினின்று காத்தல் மற்றொன்று. ஊசிக்கே இத்துணைக் கடுஞ்சோதனை வேண்டுமாயின், சோதனையே காணாத பொடியையும் பானகத்தையும் நாம் நம்புதற்கு என்ன நியாயம் உண்டு?

இரண்டாவது கருத்துத் தூசியைப் பற்றியது. தீ பேரொலியோடு வருகின்றது. தூசி ஒலியின்றி வருகின்றது. கல்லுடைப்போர் மூச்சில் ஏறும் மணற்கற்றூளை நுரையீரலின் பெருவிழுங்கி விழுங்குகின்றது. ஆனால் அதனைச் செரிக்க இயலாது. அத்துகள் அணுவின் உட்பையைக் கிழிக்க, உள்ளிருக்கும் எச்சரிக்கைப் பொறி முடுக்கப்பட்டு அழற்சி எழுகின்றது என்பதை 2008 ஆம் ஆண்டின் ஆராய்ச்சிகள் விளக்கின. நாளும் அவ்வாறு நிகழ, நுரையீரல் தழும்பேறி மூச்சு அடைகின்றது. பட்டாசுச் சாலைத் தூளும் கற்றூளும் ஒன்றென்று யான் கூறேன். ஆயினும், வெடிப்பொடிக்குரிய நுண்ணிய அலுமினியத் தூளை நெடுநாள் மிகுதியாகச் சுவாசித்த தொழிலாளருட் சிலர்க்கு நுரையீரல் தழும்பேறியமை செருமனி நாட்டு மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. உடன்பிறந்த காவலுக்குத் தூளின் விலை தெரியாது. கூலியின் அளவும் தெரியாது. செரியாத துகள் வந்தால் அது போரிடும். அப்போரில் வெந்து போவது நம் உறுப்பே.

ஆதலின் எம் மக்களுக்கு வேண்டுவது காவலைப் பெருக்கும் பானகமன்று. காவலை வீணே சினமூட்டாத வாழ்க்கை. காற்றோட்டமுள்ள அறையும், தூளைத் தடுக்கும் முகக்கவசமும், வேலை முடிந்தபின் குளித்து உடை மாற்றுதற்கு நீரும் இடமும், ஆண்டுதோறும் நுரையீரற் பரிசோதனையும் எந்தச் சூரணத்தினும் மேம்பட்டவை. அர்ச்சுனா நதியின் குறுக்கே நீர்த்தேக்கம் கொண்ட ஆனைக்குட்டம் போன்ற ஊர்களைச் சூழ்ந்துங்கூட, மழை பொய்த்த கரிசற்காட்டில் உழவு கைகொடாத குடும்பங்கள் பட்டாசுத் தொழிலால் அடுப்பெரிக்கின்றன. அத்தொழிலை ஒழிக்க வேண்டும் என்று எளிதாகக் கூறுவாரோடு யான் உடன்படேன். அவர்கள் தீபாவளியன்று வெடியை மறுக்கலாம், மறுநாள் அக்குடும்பங்களுக்குச் சோறிடப் போவதில்லை. தொழில் இருக்குமாயின், தொழிலாளன் மூச்சும் தோலும் அதன் முதற் கணக்கில் எழுதப்படல் வேண்டும். செலவு மிகும் என்று முதலாளிமார் கூறுவர். மிகும், ஐயமில்லை. இப்பொழுதும் அச்செலவு இல்லாமற் போகவில்லை. அதனைத் தொழிலாளன் தன் உடலால் செலுத்துகின்றான்.

மூன்றாவது, தீப்புண் பட்டவிடத்து நாம் செய்யும் முதலுதவி. பேனா மையும், பற்பசையும், மஞ்சளும், மாவும், சேறும் பூசும் வழக்கம் எம்மிடை இன்னும் நின்றபாடில்லை. அன்பினாற் செய்வதே, ஆனால் மதில் இடிந்த இடத்தில் குப்பையைக் கொட்டுதல் போன்றது அது. தீயினின்று விலக்கி, ஒட்டாத உடையையும் அணிகலன்களையும் நீக்கி, ஓடும் தண்ணீரை இருபது நிமிடம் புண்ணின்மேல் விடுதலே முறை. பனிக்கட்டி ஆகாது. பின்னர்த் தூய துணியால் தளர மூடி, எஞ்சிய உடல் குளிராதபடி போர்த்து, பெரும்புண்ணாயின் காலந்தாழ்த்தாது மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். இவ்வொரு பாடத்தை ஊர்தோறும் கற்பித்தல் நம் கல்லூரி மாணவர்க்கு இயலாத பணியன்று. விடுமுறையில் ஊர் திரும்பும் ஒவ்வொருவரும் பத்து வீடுகளுக்கு இதனைச் சொன்னாற் போதும்.

நான்காவது, மருத்துவமனையினின்று மீண்டவர்க்குரிய கடன். பெருந்தீப்புண் பட்ட உடல், புண் ஆறிய பின்னும் ஓராண்டிற்கு மேலாக மிகுவேகத்தில் எரிந்து, தன் தசையையே உருக்கிக் கொள்ளும் என்று மருத்துவர் கண்டுள்ளனர். அவனுக்குப் புரதம் மிக்க உணவு வேண்டும்; மூட்டுக்கள் இறுகாதிருக்கப் பயிற்சி வேண்டும்; மனம் மடியாதிருக்கத் துணை வேண்டும். விபத்து நாளில் ஒருமுறை ஈயும் பணம் இத்துணைக்கும் எவ்வாறு போதும்? விவிலியத்தில் வரும் நல்ல சமாரியன் வழியிற் கிடந்தவன் புண்ணைக் கட்டியதோடு தன் கடன் முடிந்தது என்று போய்விடவில்லை. அவனை விடுதியிற் சேர்த்துக் காசு கொடுத்து, மேற்செலவையும் தான் திரும்பி வரும்போது ஏற்பதாக உரைத்தான். அந்தப் பிற்பகுதியே நம்மிடையே மறக்கப்படுகின்றது. இழப்பீடு வரையறுப்போர் புண்ணின் பரப்பை மட்டும் அளவாது, மீள்வதற்கு ஆகும் காலத்தையும் அளத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

இறுதியாக, என் பாடத்தாரை நோக்கி ஒரு விண்ணப்பம். காவல், மதில், வாயில், படை என்னும் சொற்களால் யான் இக்கட்டுரையை நடத்தினேன். உவமை உண்மைக்கு ஏணியாம், உண்மையே ஆகிவிடாது. அணுக்களுக்குச் சினமும் இல்லை. வெற்றி வேட்கையும் இல்லை. அறிவியலார் கண்ட உண்மையை உவமையின் மயக்கமின்றி, பிறமொழிச் சொற்பெருக்கின் அச்சமுமின்றித் தெளிவுற எழுதும் உரைநடை தமிழுக்கு மிகுதியும் வேண்டும். சங்கச் செய்யுட்கு உரை காணும் கூர்மையில் ஒரு பகுதியை மருத்துவக் கட்டுரைக்கும் நாம் ஈதல் வேண்டும். அறிவியல் பயிலும் தோழர் பொருள் தருக. தமிழ் பயிலும் யாம் சொல் தருவேம். இருதிறத்தாரும் ஒரு பலகையில் அமர்ந்து எழுதிய சிறு துண்டுப் பிரசுரம், மருந்தறையின் வாயிலில் ஒட்டப்பட்டு, ஒரு தாயால் எழுத்துக்கூட்டிப் படிக்கப்படுமாயின், அதுவே நம் கல்விக்குப் பெரும் பட்டமாகும்.